மூன்றாம் நாற்காலிக்காரியின் வலது தோள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் ஒட்டுக் கேட்டது. வேண்டுமென்று கேட்கவில்லை. வலி மருத்துவப் பிரிவில் இரண்டு படுக்கைகளுக்கு நடுவே ஒரு பச்சைத் திரைதான் தொங்கியது. திரை கண்ணை மறைக்கும், காதை என்ன செய்யும்? ஒரு பக்கம் நான், சட்டையைக் கழற்றிவிட்டு, என் இடது தோளுக்கு ஊசி வருவதற்காகக் காத்திருந்தேன். மறுபக்கம் அவள். அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

[பார்க்காத முகத்தைப் பற்றி அப்பா பத்துப் பக்கம் சொல்லுவார், கவலை வேண்டாம். — மகள்]

இந்த அடைப்புக்குறிகள் என்னுடையவை அல்ல. தோள் வலியால் தட்டச்சு செய்ய முடியாமல் போனதிலிருந்து நான் சொல்லச் சொல்ல மகள்தான் அடிக்கிறாள். எனக்கு ஊசி போட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது, வலியும் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்த இடத்தில் சொல்லி எழுதவைக்கும் சுகம் பழகிவிட்டது. அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. [இப்போது சொல்லிவிட்டீர்கள்.] கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். கோணல் மாணலாக எது இருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. அடைப்புக்குறிக்குள் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள், வெளியே மூக்கை நுழைக்காதே என்று ஒப்பந்தம்.

2

தொடக்கம் ஒன்று: ‘மருந்து நெடி வீசும் அந்த நீண்ட தாழ்வாரத்தின் முடிவில், விதியைப் போல ஒரு கதவு

இல்லை. அங்கே மருந்து நெடியே வீசவில்லை. யாரோ டீ கொட்டிய வாசனைதான் வந்தது.

தொடக்கம் இரண்டு: ‘வலி என்பது மனிதன் தன் உடம்போடு நடத்தும்

மகள் கையை எடுத்துவிட்டாள்.

“வலி என்பது வலிதான்ப்பா. ஆளைச் சொல்லுங்க.”

சரி, ஆளைச் சொல்கிறேன்.

3

அவள் பெயர் எனக்குத் தெரியாது. அவள் வேலை செய்யும் பார்லரிலும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஐந்து நாற்காலிகள் உள்ள அந்தக் கடையில் பதினோரு வருடமாக மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் நின்று முடி வெட்டியவள். வாடிக்கைக்காரர்கள் போன் செய்து, “மூணாம் நாற்காலி அக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்பார்கள். எட்டு மாதமாக, “இருக்காங்க, ஆனா நாற்காலியில இல்ல” என்று பதில் சொல்வதும் அவளேதான். வலது கை நெஞ்சுக்குமேல் எழும்பாமல் போனதிலிருந்து அவளை முன்மேசையில் உட்காரவைத்திருந்தார்கள். போன் எடுக்க, நேரம் குறிக்க, துண்டு மடிக்க.

கத்தரியை விடுங்கள். சமையலறை மேல்தட்டில் இருக்கும் டப்பாவுக்குக் கையை நீட்டினாலே தோளுக்குள் யாரோ திருப்புளியை வைத்துத் திருகினார்கள். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எட்டு மாதம் ஆயிற்று. மாத்திரை, ஒத்தடம், எலும்பு டாக்டர் எல்லாம் பார்த்தாயிற்று. அந்த எலும்பு டாக்டர்தான், ‘நாள்பட்ட தோள் வலி, நரம்பு ஊசி போடலாம்’ என்று எழுதி இங்கே அனுப்பினார். எந்தத் தோள் என்று எழுதவில்லை. அதை நினைவில் வையுங்கள்.

முதலாளியம்மா பொல்லாதவள் அல்ல. எட்டு மாதம் பொறுத்துப்போனவள். ஆனால் போன வாரம் அவளைக் கூப்பிட்டு, “திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லும்மா. கை வரும்னா நாற்காலி உனக்குத்தான். வராதுன்னா அதையும் சொல்லிடு, புதுசா வந்த பொண்ணை நிக்க வைக்கிறேன்” என்றாள். ஊசி போட வந்த நாள் வெள்ளிக்கிழமை.

இதையெல்லாம் அவள் சிஸ்டரிடம் சொல்ல, நான் திரைக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன்.* எந்தக் கை என்று மட்டும் அவளும் சொல்லவில்லை, சிஸ்டரும் கேட்கவில்லை.

* டப்பாவும் திருப்புளியும் என் சரக்கு. நாற்காலியும் திங்கட்கிழமையும் அவள் வாயால் சொன்னது.

4

அவளுக்கு ஒரு கணவரைக் கொடுக்கலாமா என்பதில் எனக்கு நிறையச் சந்தேகம் இருந்தது. திரைக்கு அப்பால் ஓர் ஆண் குரல் ஒரே ஒரு முறை, “நான் வெளிய இருக்கேன்” என்றது. அதை வைத்து ஒரு மனிதரைச் செய்தேன். முதல் வரைவில் அவர் ரொம்ப நல்லவர். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலையாட்டினார். மூன்று பக்கத்துக்குத் தலையாட்டினார். அவரை அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

“இருக்கட்டும்ப்பா, திரும்பிப் போகும்போது பஸ்ல பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்ல?” என்றாள் மகள்.

அதனால் அவர் பெஞ்சிலேயே இருக்கிறார். கைப்பையும் அவரிடம்தான்.

5

இப்போது அந்தத் தாள். எனக்கும் கொடுத்தார்கள், அவளுக்கும் கொடுத்தார்கள். நம்மைப் பார்த்து நிற்கிற மாதிரி ஒரு மனித உருவம், வெறும் கோட்டோவியம். கண் மூக்கு கிடையாது. ‘வலிக்கும் இடத்தை நிழலிடவும்.’ எத்தனையோ முறை நகலெடுத்துத் தேய்ந்துபோன தாள். வலது, இடது என்று ஓரத்தில் அச்சிட்டிருந்தால் அது எப்போதோ அழிந்துபோயிருக்கும்.

அவள் ரொம்ப அக்கறையாக, தாளின் வலது பக்கம் இருந்த தோளைப் பென்சிலால் நிழலிட்டாள்.

[நான் விளக்கட்டுமா? அப்பா இந்த இடத்தில் மூன்று முறை குழம்பினார். உருவம் நம்மைப் பார்த்து நிற்கிறது. எதிரே நிற்கிறவரின் இடது தோள் நம் வலது பக்கம் வரும். ஆகவே அவள் நிழலிட்டது படத்தில் இருப்பவரின் இடது தோளை.]

நன்றி. நீங்களும் நானும் எதிரே ஆள் நிற்பதாக நினைத்து அந்தப் படத்தைத் திருப்பிப் பார்ப்போம். அவளுக்கு அப்படிப் பார்த்துப் பழக்கமே இல்லை. பதினோரு வருடமாக அவள் பார்த்த முகங்களெல்லாம் கண்ணாடிக்குள் இருந்தவை. வாடிக்கைக்காரரின் பின்னால் நின்றுகொண்டு, அவரோடு சேர்ந்து கண்ணாடியைப் பார்ப்பாள். அங்கே வலது காது வலது பக்கமே தெரியும், இடது காது இடது பக்கமே தெரியும். திருப்பிப் பார்க்க அவசியமே கிடையாது. நம்மைப் பார்த்து நிற்கிற படம் என்றால் அவளுக்குக் கண்ணாடிதான்.

சிஸ்டர் தாளைப் பார்த்தார். ‘இடது தோள்’ என்று பட்டியலில் எழுதினார், ஒப்புதல் படிவத்திலும் எழுதினார். அவள் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள், நாமெல்லாம் போடுவது போல.

6

சிஸ்டர் அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, மடியில் தலையணையைக் கொடுத்து, முதுகுப்பக்கம் திறந்த அங்கியை விலக்கி, இடது தோளில் குளிர்ந்த மருந்தைத் தடவினார்.

அவளுக்குத் திக்கென்றது. வலிப்பது அந்தப் பக்கம் இல்லையே?

வாயைத் திறந்தாளா? இல்லை. ஏன் திறக்கவில்லை என்பதை எழுதத்தான் எனக்கு ஒரு வாரம் பிடித்தது. பயம் என்று முதலில் எழுதினேன். மகள் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. பிறகு புரிந்தது. மூன்றாம் நாற்காலிக்காரிக்கு உலகத்திலேயே பிடிக்காத ஜாதி, கத்தரியை இப்படிப் பிடி, அங்கே வெட்டு, இங்கே விடு என்று பாடம் நடத்துகிற வாடிக்கைக்காரர்கள். தொழில் தெரிந்தவர் கையில் தலையைக் கொடுத்தால் பேசாமல் இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. இப்போது அவளே நாற்காலியில் இருக்கிறாள், பின்னால் தொழில் தெரிந்தவர்கள் நிற்கிறார்கள். நரம்பு என்றால் குறுக்கே போகும்போல, மூளையின் இந்தப் பக்கம் உடம்பின் அந்தப் பக்கத்தை ஆளும் என்று எங்கேயோ கேட்டிருக்கிறோமே, வலது தோளுக்கு இடது பக்கம்தான் ஊசி போடுவார்களாக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கேட்டால் அசடு வழியுமே என்று வாயைக் கட்டிக்கொண்டாள்.

வலி டாக்டர் வந்தார். பெண் குரல், விறுவிறுவென்ற நடை. கையுறை மாட்டும் சத்தம். ஸ்கேன் கருவி ஒரு பீப் சொன்னது. இடது தோளில் ஜெல்லைப் பிதுக்கி, கருவியின் முனையை வைத்து அழுத்தினார். ஊசியையும் கையில் எடுத்துவிட்டார்.

“எல்லாரும் நிறுத்துங்க” என்றார்.

அந்த அறையில் அது வழக்கம். ஊசி தோலைத் தொடுவதற்கு முன்னால் எல்லோரும் கையை நிறுத்திவிட வேண்டும். டாக்டர் நோயாளியைக் கேட்பார். இடது தோள்தானே என்று கேட்க மாட்டார், அப்படிக் கேட்டால் பாதிப் பேர் தலையாட்டிவிடுவார்கள்.

“வலிக்கிற தோளை உங்க கையாலயே தொட்டுக் காட்டுங்கம்மா.”

அவள் தொட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஊசி தட்டில் வைக்கப்படும் சத்தம்.

“இந்தத் தோளா?”

“ஆமா டாக்டர், வலதுதான்.”

“அப்போ இவ்வளவு நேரம் ஏன்மா சொல்லல?”

“நீங்க படிச்சவங்க. நரம்பு குறுக்கால போகுமோ என்னமோன்னு நெனச்சேன்.”

7

கதாசிரியனாக ஒரு வாக்குமூலம். அந்த நொடியில் எனக்கு நிம்மதி வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது.

யோசித்துப் பாருங்கள். தேய்ந்த தாள், கண்ணாடியில் பழகிய கண், மரியாதைக்காக மூடிய வாய், எழுதாமல் விட்ட எலும்பு டாக்டர். நான்கும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு ஊசி மட்டும் தவறாக இறங்கியிருந்தால் என்ன கதை! கதைகளெல்லாம் யாரோ ஒருவர் கேட்காமல் விட்டதில் பிறப்பவைதான். அந்த அறையிலோ கேட்பதற்கென்றே அரை நிமிடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். கதை நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே எவரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த ஏற்பாடு. என் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிற ஏற்பாடு.

ஐந்து நிமிடம் கழித்து அதே டாக்டர் என் பக்கம் வந்து, “எந்தத் தோள்? தொட்டுக் காட்டுங்க” என்றபோது, என் ஏமாற்றம் போன இடம் தெரியவில்லை. இடது தோளை இரண்டு முறை தொட்டுக் காட்டினேன். [ஐந்து நிமிடம் இல்லை, நாற்பது நிமிடம். வெளியே உட்கார்ந்திருந்தது நான்தான்.]

8

நாற்பது நிமிடம்தான். அதற்குள் என்ன நடந்தது என்றால், முதலில் சிரிப்பு. டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவள் கண்ணாடிக் கணக்கை விளக்கினாள்.

“எதிர்ல நிக்கிற ஆளைப் பார்த்தாதான் டாக்டர் எனக்குக் குழப்பம். கண்ணாடியில எந்தப் பக்கமோ அதே பக்கம்தான் எனக்கு.”

“இந்தத் தாளை இன்னைக்கே மாத்தணும். சிஸ்டர், முதுகு காட்டி நிக்கிற படம் ஒண்ணு போடச் சொல்லுங்க” என்றார் டாக்டர். படிவத்தையும் பட்டியலையும் திருத்தி, அவளைப் படிக்கச் சொல்லி, மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். இந்த முறை அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். அதற்கே ஆறு நிமிடம் ஆனது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு வலது தோள். டாக்டர் அவளுக்குப் பின்னால் நின்றார். “தலையைக் கொஞ்சம் குனிங்க, அசையாதீங்க” என்றார். அவள் ஒரு நாளைக்கு முப்பது தடவை பிறருக்குச் சொன்ன வாசகம். எதிரே கண்ணாடி இல்லாமல் உட்காருவது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் பக்கவாட்டில் ஸ்கேன் திரை இருந்தது, சாம்பலும் கறுப்புமாக.

“இது மேல் தசை. அதுக்குக் கீழ இன்னொரு தசை. அடியில வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? தோள்பட்டை எலும்பு. அதுல சின்னதா ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துலதான் நரம்பு இருக்கு. பக்கத்துல துடிக்கிறது ரத்தக்குழாய், அதை நான் தொட மாட்டேன். தோள் வலியில முக்கால்வாசியை இந்த ஒரு நரம்புதான் மேல கொண்டுபோகுது.”

“இவ்வளவு பண்ணுனது இந்தப் பொடி நரம்பா?” என்றாள் அவள்.

முதலில் தோலை மரத்துப்போக வைக்கிற ஒரு சின்னக் குத்தல். அப்புறம் நீள ஊசி. திரையில் அது பளிச்சென்ற ஒரு கோடாக, ஓரத்திலிருந்து நிதானமாக உள்ளே வந்தது. தன் தோளுக்குள் நடப்பதைத் தானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர் வேலையை எடைபோட்டே பழகிய கண், இந்தக் கை நடுங்கவில்லை என்று குறித்துக்கொண்டது. ஊசி முனையிலிருந்து மருந்து கறுப்பாகப் பரவி நரம்பைச் சுற்றிக்கொண்டது. அவ்வளவுதான்.

கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குப் பிறகு டாக்டர் வந்து, “இப்போ மெதுவா தூக்குங்க பார்ப்போம்” என்றார்.

நான் எங்களுக்கு நடுவே தொங்கிய பச்சைத் திரையைப் பார்த்தேன். திரையில் நிழல்கூடத் தெரியவில்லை. அப்புறம் அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

“காது வரைக்கும் போகுது டாக்டர்.”

“போகும். ஆனா நல்லா கேட்டுக்கங்க. இது மரத்துப்போற மருந்தோட வேலை. சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் தாங்கும். அப்புறம் வலி திரும்ப எட்டிப் பார்க்கும், பயந்துடாதீங்க. கூடப் போட்ட இன்னொரு மருந்து சில நாள்ல வேலையைத் தொடங்கும். வலி குறைஞ்சிருக்கிற அந்த நாள்ல தினமும் பயிற்சி செய்யணும். ஆறு வாரம். அதுக்குள்ள கத்தரியைத் தொடக் கூடாது. ஆறு வாரத்துல நல்லா வர்றதுக்கு வாய்ப்பு அதிகம். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போன சத்தத்தோடு, எனக்குத் தெரிந்தது முடிந்தது. மணி பன்னிரண்டு.

9

இனி வருவது எல்லாம் என் பொறுப்பு. பஸ்ஸில் ஏற்றுகிறேன். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் கைப்பையோடு கணவர். இத்தனை நேரம் தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு இப்போது வாய் வந்துவிட்டது.

“இன்னொரு தடவை தூக்கு.”

தூக்கினாள். மேலே தொங்கிய கைப்பிடியை எட்டிப் பிடித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பிடிக்கிறாள். கணவரின் முகம் மலர்ந்துபோயிற்று.

“அடுத்த ஸ்டாப் உன் கடைதான். இறங்கு. முதலாளியம்மா முன்னாடி போய் இதே மாதிரி தூக்கிக் காட்டு. நாற்காலி உனக்குன்னு ஆயிடும்.”

“அஞ்சு மணிக்கு மேல இது நிக்காதுங்க.”

“அஞ்சு மணிக்கு அவங்க பார்க்கப் போறாங்களா? தூக்கறதைப் பார்த்தா போதும். ஆறு வாரத்தை ஏதாவது சொல்லி ஓட்டிடலாம். பொய்யா சொல்லப் போற? கை தூக்குதா இல்லையா?”

தூக்குகிறதுதான். அதுதான் சிக்கல். பஸ் வேகத்தைக் குறைக்கிறது.

10

முடிவு ஒன்று: இறங்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறாள். திங்கட்கிழமை

உப்புச்சப்பில்லை. விட்டுவிட்டேன்.

முடிவு இரண்டு: இறங்குகிறாள். கையைத் தூக்கிக் காட்டுகிறாள். கைதட்டல். புதுப் பெண்ணை வேறு கடைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு, வரிசையில் காத்திருக்கும் ஒரு வாடிக்கைக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, கத்தரியை எடுத்து, பாதித் தலையில் இருக்கும்போது

மகள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“இதை நான் அடிக்க மாட்டேன்.”

“ஏன்? நல்லாதானே போகுது?”

“தப்பான தோள்ல ஊசி இறங்கலன்னு உங்களுக்கு ஏமாற்றம். அந்தக் கோவத்தை அவ தலையில இறக்குறீங்க.”

பெற்ற பெண் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? டீ போட்டுக் கொடுத்தேன், இரண்டு கையாலும். [கப்பை, வலிக்கிறது என்றாரே, அந்த இடது கையாலும்தான் தூக்கினார். பார்த்துவிட்டேன். நாளையிலிருந்து அவரே அடித்துக்கொள்ளட்டும்.]

அதனால் முடிவு மூன்று.

அவள் இறங்குகிறாள். கணவரும் பின்னாலேயே இறங்கி, கடை வாசலில் நின்றுகொள்கிறார். உள்ளே உலர்த்திகளின் இரைச்சல். முதலாளியம்மா முன்மேசையில் இருக்கிறாள், அவளுக்குப் பதிலாக இன்று போன் எடுத்து எடுத்துக் களைத்துப்போயிருக்கிறாள். மூன்றாம் நாற்காலி காலியாக இருக்கிறது. அவள் ஒன்றும் பேசாமல் மேசைக்கு எதிரே போய் நின்று வலது கையைத் தூக்குகிறாள். தோளுக்கு, காதுக்கு, தலைக்கு மேலே. இரண்டாம் நாற்காலிக்காரி சீப்பைக் கீழே போடுகிறாள். “அடிப்பாவி!” என்கிறாள் சந்தோஷத்தில். ஐந்தாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், தலையில் சாயத்தோடு, எதற்கென்றே தெரியாமல் கைதட்டுகிறார்.

முதலாளியம்மா எழுந்தே விட்டாள். “அப்போ திங்கக்கிழமை...”

பேசாமல் இருந்தால் போதும். தொட்டுக் காட்டச் சொல்லிக் கேட்க இங்கே யாரும் இல்லை. ஆனால் பேசாமல் இருந்ததற்கு இன்று காலையில்தான் தப்பான தோளில் ஊசி இறங்கப் பார்த்தது. ஒரு நாளைக்கு அது போதும் என்று அவளுக்குப் படுகிறது.

“இருங்க, முழுசா கேளுங்க. இப்போ தூக்குறது மருந்து. நான் தூக்குறதுக்கு ஆறு வாரம் ஆகும். வந்துடும்னுதான் டாக்டர் சொல்றாங்க, சத்தியம் பண்ணல. அதுவரைக்கும் நாற்காலியை எனக்கு வெச்சிருப்பீங்களா?”

சொல்லி முடித்ததும் அவளுக்கு உள்ளுக்குள் லேசாகிவிட்டது. என்ன பதில் வந்தாலும் வரட்டும். எட்டு மாதத்தில் இவ்வளவு நிம்மதியாக அவள் நின்றதில்லை.

11

முதலாளியம்மா என்ன சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால், நல்ல பதிலை மகள் சொல்லி நான் எழுதினேன் என்பீர்கள், கெட்ட பதிலை ஏமாற்றத்தில் எழுதினேன் என்பீர்கள். இரண்டும் உண்மையாகவே இருக்கும்.

அதனால் முன்மேசைக்குப் பின்னால் உங்களை நிற்கவைத்துவிட்டுப் போகிறேன். கடை உங்களுடையது. ஐந்து நாற்காலி, ஒன்று காலி. திங்கட்கிழமை பன்னிரண்டு பேருக்கு நேரம் கொடுத்திருக்கிறீர்கள். புதுப் பெண்ணும் ஓரமாக நின்று உங்கள் வாயைத்தான் பார்க்கிறாள். வாசலில் ஒரு மனிதர் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். எதிரே மூன்றாம் நாற்காலிக்காரி கையைத் தூக்கியபடியே நிற்கிறாள், இறக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பதில் சொல்லுங்கள். அவசரமில்லை, நிதானமாக யோசித்தே சொல்லுங்கள். ஐந்து மணி வரைக்கும் அவளுக்கு வலிக்காது.